ஆன் கிளிஃபர்டுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்

தமிழில் உலக வரலாறு எழுதுபவர்களுக்கும் பதிப்பிப்பவர்களுக்கும்,

வணக்கம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இரண்டு பேர்தான் முன்னால் நிற்கிறார்கள்: தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ், ஆட்சியைப் பிடித்த கிராம்வெல். அரசர் பக்கம் சாய்ந்த குடும்பங்களின் நிலமும் கோட்டையும் குத்தகையும் 1649-க்குப் பிறகு என்ன ஆயின என்று யாரும் எழுதுவதில்லை. அதற்குப் பொருத்தமான ஒருவரை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்: சீமாட்டி ஆன் கிளிஃபர்ட்.

1590-இல் யார்க்‌ஷயரின் ஸ்கிப்டன் கோட்டையில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ், கம்பர்லாந்தின் ஏர்ல் (பிரபுப் பட்டம்). 1605-இல் இறக்கும்போது சொத்தையெல்லாம் தம்பிக்கு எழுதிவைத்து, மகளுக்கு 15,000 பவுண்டு மட்டும் ஒதுக்கினார். ஆனால் அந்த நிலங்களைக் குறித்த பழைய சாசனம், பெண்ணானாலும் நேர் வாரிசுக்கே சேரவேண்டும் என்றது. அம்மாவும் மகளும் வழக்குப் போட்டார்கள். 1617 ஜனவரியில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் நேரில் அழைத்து, தன் முடிவுக்கு விட்டுவிடச் சொன்னார். கணவர் டார்செட் ஏர்லும் பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம் என்றே நின்றார். உயிருள்ளவரை வெஸ்ட்மர்லாந்தை, அதாவது வடக்கே இருந்த தன் குடும்ப நிலங்களை, விட்டுத்தர மாட்டேன் என்று மன்னர் முகத்துக்கு நேரே மறுத்தார் ஆன். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை.

சித்தப்பாவும் அவர் மகனும் போய்ச் சேர்ந்த பிறகு, 1643-இல்தான் சொத்து கைக்கு வந்தது. அப்போதும் போரினால் லண்டனை விட்டு நகர முடியவில்லை. இரண்டாவது கணவர் பெம்ப்ரோக் ஏர்ல் நாடாளுமன்றத்தின் பக்கம், இவர் மனசோ அரசர் பக்கம். 1649-இல், 59 வயதில், வடக்கே கிளம்பினார்.

இவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வழக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு வந்த 27 ஆண்டுகள்தான். ஸ்கிப்டன் அரசர் படையின் பிடியில் இருந்த கோட்டை. மூன்று வருட முற்றுகைக்குப் பிறகு பணிந்தது. 1648 கடைசியில் நாடாளுமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. மேலே பீரங்கியை ஏற்றிவைத்தால் தாங்காத கூரைதான் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு அதை மறுபடி கட்டினார் ஆன். யார் உத்தரவால், எதற்காக இடிந்து கிடந்தது என்பதை மறைக்காமல் வாசலுக்கு மேல் கல்லில் பொறித்தும் வைத்தார். ஆப்பிள்பி, பிரஹாம், பிரஃப், பெண்ட்ராகன் கோட்டைகளையும் சீர்செய்தார். ஆப்பிள்பியில் 13 பெண்களுக்கு ஒரு விடுதி கட்டினார். 1616 ஏப்ரல் 2-இல் அம்மாவைக் கடைசியாகப் பிரிந்த இடத்தில், பிரஹாம் அருகே சாலையோரம், 1656-இல் ஒரு தூண் எழுப்பினார். ஆண்டுதோறும் அதே தேதியில் ஏழைகளுக்கு 4 பவுண்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணத்தை வைத்துக் கொடுப்பதற்கென்றே தூணருகே ஒரு தட்டைக் கல் இருக்கிறது.

வேண்டியவர்களுக்குப் பெரிய பூட்டுகளைப் பரிசாகக் கொடுப்பது இவர் பழக்கம். டேக்கர் ஊர்த் தேவாலயக் கதவில் 1671 என்ற ஆண்டும் இவர் பெயரின் முதலெழுத்துகளும் கொண்ட பூட்டை இன்றும் பார்க்கலாம்.

தயவுசெய்து இவரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். அப்பாவின் உயிலை எதிர்த்து நின்றவரே, குத்தகை விஷயத்தில் தன் குடியானவர்கள்மீது வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தார். தன் உரிமை என்று நினைத்ததில் ஒரு காசையும் விடமாட்டார். வீட்டு வரவு செலவைத் தானே பார்த்தார். அந்தக் குணம் இல்லாவிட்டால் ஐந்து கோட்டைகள் எழுந்திருக்காது என்பது என் எண்ணம். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

1676 மார்ச் 22-இல் பிரஹாமில், 86 வயதில் இறந்தார். அவர் எழுதிவந்த நாட்குறிப்பு முந்தின நாள்வரை ஓடுகிறது. இவ்வளவு எழுதிவைத்த ஒருவரைப் பற்றி எழுத உங்களுக்குச் சான்றுப் பஞ்சம் வராது. அடுத்த நூலில் சார்லஸின் மரண மேடையோடு அத்தியாயத்தை முடிக்காமல், அதே ஆண்டு வடக்கே போன இந்தப் பெண்மணியோடு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்