செயலாளரின் ஆண்டறிக்கை: ஹேசல் டிக்கென்ஸைக் கேட்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் இசை கேட்போர் மன்றத்தின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஒலிபெருக்கியைப் பழுது பார்த்தோம். வரவு செலவுக் கணக்கை எனக்குப் பின் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

ஒரே பாடகரை ஆண்டு முழுவதும் கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அதன்படி, அமெரிக்க நாட்டுப்புற வேரிலிருந்து வந்த புளூகிராஸ், கன்ட்ரி இசை வகைகளின் பாடகி ஹேசல் டிக்கென்ஸை எடுத்துக்கொண்டோம். முதல் கூட்டத்திலேயே மாற்றுக் கருத்து எழுந்தது. குரல் கரடாக இருக்கிறது, இழைவு இல்லை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். அந்தக் குரல் வந்த இடத்தைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மேற்கு வர்ஜீனியாவில் மெர்சர் மாவட்டத்து மான்ட்கால்ம், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். பதினொரு பிள்ளைகளில் எட்டாவதாக அங்கே பிறந்தார் ஹேசல். தந்தை சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிச் செல்பவர்; பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற பழமை பேணும் கிறித்தவச் சபையின் போதகரும்கூட. அந்தச் சபையில் வாத்தியம் கிடையாது. தொண்டையைத் திறந்து, நெஞ்சிலிருந்து உரக்கப் பாடுவார்கள். ஹேசலின் குரலில் கடைசிவரை அந்தப் பாட்டுமுறை இருந்தது.

1950களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி பால்டிமோர் போனார். ஆலைகளிலும் கடைகளிலும் வேலை செய்தார். காசநோய் மருத்துவமனையில் இருந்த அவருடைய சகோதரர் ஒருவர் மூலம், அங்கே பணிபுரிந்த மைக் சீகர் என்ற இசைக்கலைஞரின் நட்பு கிடைத்தது. ஊர்விட்டு வந்த மலைநாட்டுத் தொழிலாளர்கள் கூடிப் பாடும் இடங்களில் ஹேசலும் பாடத் தொடங்கினார். பிறகு ஆலிஸ் ஜெரார்டைச் சந்தித்தார். ஆலிஸ் சியாட்டிலில் பிறந்து, கல்லூரியில் படித்தவர். பின்னணியில் இருவருக்கும் பொருத்தமே இல்லை. ஆனால் சேர்ந்து பாடும்போது மேல்குரலும் கீழ்க்குரலும் அப்படிப் பொருந்தின. இருவரின் முதல் இசைத்தட்டு 1965இல் வெளிவந்தது. பெண்கள் முன்னின்று புளூகிராஸ் குழுவை நடத்துவது மிக அரிதாக இருந்த காலம் அது. பின்னாளில் கன்ட்ரி இசையில் பெரும்புகழ் பெற்ற நவோமி ஜட், வைனோனா ஜட் என்ற தாயும் மகளும் இந்த இருவரின் இசைத்தட்டைக் கேட்டே இணைந்து பாடப் பழகினார்கள். 1970களின் நடுவில் ஹேசலும் ஆலிஸும் தனித்தனி வழியில் சென்றார்கள்.

இந்த ஆண்டில் நம்மை மிகவும் பாதித்தது சுரங்கப் பாடல்களுக்கென ஒதுக்கிய கூட்டம். 1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஃபார்மிங்டன் அருகே சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். 19 பேரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. அந்த மரணங்களைப் பற்றி ஹேசல் ஒரு பாடல் எழுதினார். அவருடைய அண்ணன் தர்மன் (Thurman), நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தவர். வாழ்நாளெல்லாம் பூமிக்கடியில் உழைத்த மனிதர் மூச்சுக்குத் திணறிச் செத்ததைத் தங்கை எழுதிய ‘பிளாக் லங்’ (கரிய நுரையீரல்) பாடலை அன்று துணை வாத்தியம் இல்லாத ஒலிப்பதிவில் கேட்டோம். குரல் கரடு என்று முன்பு சொன்ன உறுப்பினரே அதை மறுபடி போடச் சொன்னார்.

அந்தப் பாடல்கள் தனித்த புலம்பல்கள் அல்ல. 1969 பிப்ரவரியில் இந்த நோய்க்கு இழப்பீடு கேட்டு மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டின் இறுதியில், சுரங்கக் காற்றில் தூசிக்கு வரம்பு விதித்த கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கென்டக்கியில் ஹார்லன் மாவட்ட வேலைநிறுத்தத்தைப் பதிவு செய்து ஆஸ்கர் வென்ற 1976ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஹேசலின் குரல் ஒலிக்கிறது. தொழிற்சங்கக் கூட்டங்களில் அழைத்தபோதெல்லாம் பாடினார். மதுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பழிக்கும் ஆண்களைப் பார்த்து, அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது நீங்கள்தானே என்று கேட்கும் பாடலும் அவருடையது. அதைக் கேட்டபின் நம் மகளிர் உறுப்பினர்கள் வெகுநேரம் பேசினார்கள். இந்த ஆண்டின் சிறந்த விவாதம் அதுதான்.

2001இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது ஹேசலுக்குக் கிடைத்தது. 2011 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டனில் காலமானார். புளூகிராஸ் இசையின் சிறந்த கலைஞர்களைப் போற்றும் கௌரவ மண்டபத்தில் அவரையும் ஆலிஸையும் சேர்த்துக்கொண்டது 2017இல்தான். அவர் உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை முன்வைக்கிறது. பாடல்களின் பொருளைத் தமிழில் எழுதிக் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். ஆலிஸ் ஜெரார்டின் தனிப் பாடல்களுக்குக் குறைந்தது இரண்டு கூட்டங்கள் ஒதுக்க வேண்டும். இவற்றையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கும், இசைத்தட்டுகளைத் தேடி எடுத்துவந்த உறுப்பினர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

செயலாளர்