மணி பெரிதானால் உலர்வது ஏன் தாமதமாகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

நாங்கள் அனுப்பிய 3ஏ மூலக்கூறு சல்லடை மணிகளை (ஈரத்தை உறிஞ்சி உலர்த்தும் சிறு உருண்டைகள்; 3ஏ என்பது அவற்றின் நுண்திறப்பின் அளவைக் குறிக்கும் வகைப்பெயர்) அண்மையில் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். "சரக்கு பழையதாக இருக்க வேண்டும். வழக்கமான நேரம் ஊறவைத்தும் கரைப்பானில் ஈரம் குறையவில்லை" என்று எழுதியிருந்தார். வந்த மணிகளைச் சூடேற்றி உலர்த்தி, ஈரக்காற்றில் வைத்து எடைபோட்டுப் பார்த்தோம். தம் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை அவை ஏற்றன. புதிய சரக்கும் அவ்வளவுதான் ஏற்கும். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அவர் எப்போதும் வாங்குவது 2 மில்லிமீட்டர் மணி. கையிருப்பு தீர்ந்திருந்ததால் இந்த முறை 4 மில்லிமீட்டர் மணியை அனுப்பியிருக்கிறோம். அதை அவருக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. மணிகளை மாற்றிக் கொடுத்துவிட்டோம். ஆனாலும், அதே சரக்கு, அதே கொள்ளளவு, பிறகு ஏன் இந்தத் தாமதம் என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கான பதில் உங்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இந்த மடல்.

ஒரு மணியை உடைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். வெளியே வழவழப்பாகத் தெரிந்த உருண்டை, உள்ளே சொரசொரப்பாக இருக்கும். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிம வகை) படிகங்களைக் களிமண்ணால் பிணைத்து உருட்டியதுதான் மணி. ஆகவே தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு கட்டப் பயணம். முதலில் படிகங்களுக்கு இடையே உள்ள இடுக்குகள் வழியாக மணியின் நடுப்பகுதிவரை போக வேண்டும். பிறகு ஏதாவது ஒரு படிகத்தின் சாளரத்துக்குள், அதாவது அதன் நுண்ணிய திறப்புக்குள், நுழைய வேண்டும்.

மணியின் அளவு முக்கியமாவது முதல் கட்டத்தில்தான். மூலக்கூறு நேராக நடப்பதில்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று எல்லாத் திசைகளிலும் மோதி அலைகிறது. அப்படி அலைகிறவருக்கு இரு மடங்கு தொலைவைக் கடக்க இரு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். 1855இல் அடால்ஃப் ஃபிக் எழுதிய விரவல் (மூலக்கூறுகள் தாமாகப் பரவுதல்) விதிகளிலிருந்து வரும் கணக்கு இது. 2 மில்லிமீட்டர் மணி ஆறு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு 4 மில்லிமீட்டர் மணி ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளும். காற்றை உலர்த்துகிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சாதாரண அழுத்தத்தில் ஒரு காற்று மூலக்கூறு மற்றொன்றோடு மோதுவதற்கு முன் சராசரியாக 70 நானோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்கிறது. இடுக்கு அதைவிடக் குறுகலாக இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அதிகம். மார்ட்டின் நுட்சென் 1909இல் விளக்கிய இந்த ஓட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பவை இடுக்கின் அகலம், மூலக்கூறின் எடை, வெப்பநிலை ஆகிய மூன்றும்தான். பெரிய மணிக்கும் இடம் உண்டு. உயரமான கலத்தில் காற்றைச் செலுத்தும்போது சிறு மணிகள் ஓட்டத்தை நெருக்கி அழுத்தத்தைத் தின்றுவிடும். அங்கே பெரிய மணிதான் சரி.

இரண்டாம் கட்டம் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏ வகை ஜியோலைட் படிகத்தில் ஏறத்தாழ 11 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) அகலமுள்ள அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் ஆறு சாளரங்கள். ஒவ்வொரு சாளரமும் எட்டு ஆக்சிஜன் அணுக்களாலான வளையம். அதன் ஓரத்தில் சோடியம் அயனி நின்றால் திறப்பு சுமார் 4 ஆங்ஸ்ட்ராம், அதுவே 4ஏ. சோடியத்தின் இடத்தில் உருவில் பெரிய பொட்டாசியம் வந்தால் திறப்பு சுருங்கி 3ஏ ஆகிறது. கால்சியம் வந்தால் இரண்டு சோடியத்துக்கு ஒன்று போதும் என்பதால் வழியை அடைப்பது குறைந்து 5ஏ கிடைக்கிறது. தண்ணீர் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம், எத்தனாலுக்குச் சுமார் 4.4. எத்தனாலை உலர்த்த 3ஏ கேட்கச் சொல்வது இதனால்தான்: தண்ணீர் உள்ளே போகும், எத்தனால் வாசலிலேயே நின்றுவிடும். இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களின் சட்டத்திலும் 3ஏதான் வேண்டும். 4ஏ போட்டால் அது நைட்ரஜனையும் விழுங்கும்; வெயில் ஏறும்போது அதை வெளியே விடும்; கண்ணாடி உப்பி வளையும்.

ஆனால் சாளரத்தை இரும்புச் சட்டம் போல் நினைத்துவிட வேண்டாம். அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இறுக்கமான திறப்பில் நுழைய மூலக்கூறுக்கும் ஓர் உந்துதல் வேண்டும். திரவ நைட்ரஜனின் குளிரில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், 4ஏ ஆக்சிஜனை ஏற்கிறது, நைட்ரஜனை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. அறை வெப்பத்தில் அதே நைட்ரஜன் தாராளமாக நுழைகிறது. இரு மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.2 ஆங்ஸ்ட்ராம் கூட இல்லை. குளிரூட்டிய அறையில் எங்கள் மணிகளைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: கொள்ளளவு குறையாது, வேகம் குறையும்.

வேகத்தையே முதலாக வைத்து நடக்கும் தொழிலும் இருக்கிறது. காற்றிலிருந்து நைட்ரஜன் பிரிக்கும் கருவிகளில் கார்பன் மூலக்கூறு சல்லடை போடுகிறார்கள். போதிய நேரம் கொடுத்தால் அந்தக் கரி ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கிட்டத்தட்ட சம அளவில் ஏற்றுக்கொள்ளும், பிரிப்பே நடக்காது. ஆக்சிஜன் பல மடங்கு விரைவாக உள்ளே போய்விடுகிறது என்ற ஒரே காரணத்தால், ஒரு நிமிட அளவிலேயே வால்வை மாற்றி மிஞ்சிய நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் சுழற்சி நேரத்தை எங்களைக் கேட்காமல் நீட்ட வேண்டாம். அதிக நேரம் கொடுத்தால் தூய்மை கூடும் என்று தோன்றும், ஆனால் குறையும்.

வெளியேறும் வழியும் நுழைந்த வழிதான். மணிகளைப் புதுப்பிக்க 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றுங்கள், ஆனால் படிப்படியாக ஏற்றுங்கள். ஈரம் நிறைந்த மணியைத் திடீரென்று சுட்டால் உள்ளே நீராவி பெருகி, வெளியேற வழி கிடைக்காமல் மணியை வெடிக்க வைக்கும். அடியில் மாவு போலத் தூள் படிந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். இன்னோர் எச்சரிக்கை: உலர்ந்த மணிகளை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்க்காதீர்கள். எங்கள் புதிய உதவியாளர் ஒருவர் விட்டுப் பார்த்தார். சீறிக் குமிழி விட்டு, கை பொறுக்காத சூடு எழுந்தது, உதறிவிட்டார். தண்ணீர் அறைகளுக்குள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்போது வெளிவரும் வெப்பம் அது. பெரிய கலத்தில் இந்த வெப்பமே உலர்த்தும் வேகத்தைக் கெடுக்கும்.

இனி ஆர்டர் படிவத்தில் எடையும் வகையும் மட்டும் எழுதாமல், எதை உலர்த்துகிறீர்கள், எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் தொடர்பில் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். மணியின் அளவை அதற்கேற்பத் தேர்ந்து சொல்வோம். கேட்ட அளவு கையிருப்பில் இல்லையென்றால் தொலைபேசியில் கேட்டு, நீங்கள் சரி என்ற பிறகே மாற்று அளவை அனுப்புவோம்.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் பரிசோதனைப் பிரிவு