ஓட்டுநரில்லா மினிபஸ்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊரில் ஓட்டுநரில்லா மினிபஸ் விடும் புதுப் பொறுப்புக்கு வாழ்த்துகள். இங்கே சிங்கப்பூரிலும் இதே பேச்சுதான். பொங்கோல் வட்டாரத்தில் ஓட்டுநரில்லா வண்டிகளை இயக்க 2025 செப்டம்பரில் கிராப், கம்ஃபர்ட்டெல்குரோ நிறுவனங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் தேர்ந்தெடுத்தது. தொடக்கத்தில் பாதுகாப்புக்கு ஓர் ஆள் வண்டியிலேயே இருப்பார் என்பது ஏற்பாடு.

தடத்தை முடிவு செய்யும்முன் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதலில் பிரேக்கைப் பார். இந்த வண்டிகள் வேகமாகப் போய் மோதுவது அரிது. எதிர்பாராத இடத்தில் சடன் பிரேக் போடுவதுதான் பெரிய தலைவலி.

ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில், 2020 பிப்ரவரியில், ஈசிமைல் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா மினிபஸ் ஒன்று மணிக்குச் சுமார் 11 கி.மீ. வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் லேசாக விலகியதும் அவசர பிரேக் விழுந்தது. உட்கார்ந்திருந்த ஒரு பயணி கீழே விழுந்தார். அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் 16 வண்டிகளிலும் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் சீட் பெல்ட் வந்தது. இருக்கைகள் எதிரெதிராக இருப்பதால் பாதிப் பேருக்கு முன்னால் வருவது தெரியாது, கம்பியைப் பிடிக்கவும் தோன்றாது. ஒப்பந்தப்புள்ளியிலேயே அவசர பிரேக்கின் வேகக்குறைப்பு அளவைக் கேள். நின்றுகொண்டு போக யாரையும் அனுமதிக்காதே.

தடத்தைப் பொறுத்தவரை, வண்டி மணிக்கு 20 கி.மீ.க்குள் ஊர்ந்துகொண்டிருக்கும், மற்றவர்கள் 50-இல் வருவார்கள். பொறுமையிழந்து முந்துகிற கார், முந்திய கையோடு குறுக்கே வந்து நுழையும். லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் லைடார் கருவி அதைத் தடையாகப் பார்க்கும், உடனே பிரேக். சாலைக்குள் நீண்டு வளர்ந்த கிளையும் இதையே செய்யும். ஆகவே மரம் வெட்டும் பிரிவையும் ஆரம்பத்திலேயே கூட்டத்துக்குக் கூப்பிடு. பாதையில் சரக்கு வேன் நின்றால், பல மாடல்கள் தாமாகச் சுற்றிப் போகாது. வரைபடத்தில் பதித்த கோட்டை விட்டு விலகாமல், வேன் நகரும்வரை நிற்கும். அல்லது உள்ளே இருப்பவர் கையில் ஓட்ட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில் 2016 ஜூனில் நவ்யா நிறுவனத்தின் ஓட்டுநரில்லா மினிபஸ்கள் ஓடத் தொடங்கின. செப்டம்பரில் ஒன்று, நின்றிருந்த வேனின் திறந்த டிக்கிக் கதவில் இடித்தது. தரையில் ஊன்றாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை லைடாருக்குக் கடினம். சோதனை ஓட்டத்தில் திறந்த டிக்கி, லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, தாழ்ந்த சங்கிலி எல்லாவற்றையும் வைத்துப் பார்.

லாஸ் வேகஸ் விபத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். 2017 நவம்பரில், சேவையின் முதல் நாளே ஓட்டுநரில்லா மினிபஸ்ஸை ரிவர்ஸில் வந்த லாரி இடித்தது. மினிபஸ் ஒழுங்காக நின்றுவிட்டது. பின்னால் நகர மட்டும் அதற்குத் தோன்றவில்லை. கையில் ஓட்டும் கருவி ஒரு மூடிய பெட்டியில் இருந்தது, உதவியாளரால் உடனே எடுக்க முடியவில்லை. விசாரணை அறிக்கையும் இதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அந்தக் கருவி எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கு.

பேட்டரி அவ்வளவு சிக்கலில்லை. நவ்யாவின் ஆர்மா மாடலில் 33 கிலோவாட்-மணி; 7 கிலோவாட் சார்ஜரில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஊர்ந்து போகும் வண்டி என்பதால் ஏசிதான் மின்சாரத்தைத் தின்னும். வெயில் காலத்தில் ஏசியை முழுக்கப் போட்டு ஒரு ஷிஃப்ட் ஓட்டிப் பார்த்த பிறகு அட்டவணை போடு.

பணம்தான் கடைசிச் சிக்கல். 15 பேர் ஏறும் வண்டிக்குள் ஒரு ஊழியர் இருக்கும்வரை சம்பளத்தில் ஒரு காசும் மிச்சமில்லை. ஜெர்மனியின் 2021 சட்டம் போல, கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேற்பார்வை செய்ய உங்கள் சட்டம் இடம் தருகிறதா? ஒருவர் எத்தனை வண்டிகளைப் பார்க்கலாம்? வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருவார்? சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளத்தை யார் போட்டு, யார் மாட்டிவிடுவார்? விற்க வருபவர்களிடம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேள். பல பேர் பேட்டரியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

தடத்தின் வரைபடத்தை அனுப்பு. காலை 8 மணிக்குச் சாலையோரம் எங்கெங்கே வண்டிகள் நிற்கின்றன என்பதையும் அதில் குறித்துவிடு. சாலைச் சந்திப்புகளை நான் பார்த்துச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்ததுபோல் சாலையோரக் கம்பங்களிலும் உணரிகள் (சென்சார்) தேவைப்படுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்