ஹுஸரியைப் போட்டுக் கொடு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேரன் குர்ஆனை மனப்பாடம் செய்யும் ஹிஃப்ழு மதரஸாவில் சேர்ந்த செய்தி படித்து மனசு நிறைந்தது, மாஷா அல்லாஹ். இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் முழங்கால் வலி, தொழுகை நாற்காலியில்தான்.

பிள்ளைக்கு யாருடைய கிராஅத்தை, அதாவது குர்ஆன் ஓதலை, போட்டுக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். அப்துல் பாஸித்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அவர் ஒரே மூச்சில் நீட்டி ஓதும் அழகே தனி, சரி. ஆனால் சின்னப் பிள்ளை ராகத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். எகிப்தின் ஷைக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியைப் போட்டுக் கொடு.

தாந்தா பக்கத்துக் கிராமத்தில் 1917-ல் பிறந்தவர். எட்டு வயதிலேயே குர்ஆன் முழுவதும் மனப்பாடமான ஹாஃபிழ். 1944-ல் கெய்ரோ வானொலிக்குத் தேர்வானார். 1955-லிருந்து ஹுஸைன் பள்ளிவாசலில் குர்ஆன் ஓதும் காரி. முழுக் குர்ஆனும் நிறுத்தி நிதானமாக ஓதும் தர்தீல் முறையில் முதன்முதலாகப் பதிவாகி 1961-ல் வெளிவந்தது இவர் குரலில்தான். அதற்குத் திட்டம் போட்டு அலைந்தவர் லபீப் அஸ்-ஸயீத். 1964-ல் குர்ஆனுக்கென்றே கெய்ரோவில் வானொலி தொடங்கியபோதும் முதலில் ஒலித்தது இந்தப் பதிவே. வசனங்களைத் திரித்து அச்சடித்த பிரதிகள் நடமாடிய நேரம் அது. அச்சில் கை வைக்கலாம், ஊரே காதால் கேட்கிற ஓதலில் எப்படிக் கை வைப்பது?

சூரா கியாமாவின் 27-ஆம் வசனத்தைக் கேட்டுப் பார். 'வகீல மன்' என்றதும் குரலை நிறுத்துவார், மூச்சு மட்டும் விடமாட்டார், அப்புறம்தான் 'ராக்'. அந்த ஸக்தா இல்லாவிட்டால் நூன் என்ற எழுத்து ராவுக்குள் கரைந்து 'மர்ராக்' ஆகிவிடும். ஹஃப்ஸ் என்ற ஓதல் மரபில் இப்படி நாலே இடம். மற்ற காரிகளும் நிறுத்துகிறார்கள்தான். ஆனால் இவர் நிறுத்துவது பிள்ளைக்கே தெரியும்.

வறட்டு ஓதல் என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கென்னவோ அந்த நிதானம்தான் பிடித்திருக்கிறது. ஒரு வேடிக்கை தெரியுமா? இவருடைய மகள் யாஸ்மின் அல்-கய்யாம் எகிப்தில் பேர்பெற்ற பாடகியாக இருந்தவர்!

1980-ல் வஃபாத்தானார். வர்ஷ், காலூன் என்ற வேறு மரபு ஓதல்களையும் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதனால் பெயர் பார்த்து எடு. பேரனுக்கு ஹஃப்ஸ்தான் வேண்டும். குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்விலிருந்து ஆரம்பிக்கட்டும். ஒரு பக்கம் கேட்டு, அதையே உஸ்தாதிடம் ஓதிக் காட்டச் சொல். நோன்புக்கு ஊருக்கு வரும்போது அவனையும் அழைத்து வா, ஒரு சூரா கேட்க வேண்டும்.

வஸ்ஸலாம்,
உன் மச்சான்