இரவுச் சாப்பாடு பற்றி மகளுக்கு

சேலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. தை மாதத்துப் பேச்சை இந்தக் கடிதத்தில் நான் எடுக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியபோது, இரவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போதும், அதுவே தெம்பாக இருக்கிறது என்று நீ சொன்னாயே, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அம்மா அந்தப் பையைக் கொடுத்துவிட்டது வடகத்துக்கும் பாயசத்துக்கும்தான். அதையே நாள் தவறாமல் இரவுச் சாப்பாடாக்கிக்கொள்வதற்கு அல்ல.

ஜவ்வரிசி நம் ஊர்ப் பொருள் என்பதால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அது தயாராகும் விதத்தை ஆத்தூர்ப் பக்கத்து ஆலையில் நீயே நேரில் பார்த்திருக்கிறாய். தோலுரித்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் தெளியவிடுவார்கள். மேலே நிற்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகு அடியில் இறுகிக் கிடக்கும் வெள்ளை மாவை உடைத்து, உருட்டி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பார்கள். கிழங்கில் இருந்த கொஞ்சநஞ்சப் புரதமும் வைட்டமினும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரோடும் திப்பியோடும் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து.

அந்த மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி, இரத்தத்தின் வழியாகச் செல்லுக்குள் போகிறது. அங்கே சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளில் ஒரு குளுக்கோஸ் உடைந்து இரண்டு பைருவேட் ஆகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் நிகரமாகக் கிடைப்பதும் இரண்டே இரண்டுதான். ஆற்றலில் பெரும்பகுதி இன்னும் எடுக்கப்படாமலே இருக்கிறது. அதை எடுக்க, பைருவேட் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து அசிட்டைல் கோ-ஏ ஆக மாற வேண்டும். மாற்றித்தரும் நொதியோ தயமின், அதாவது வைட்டமின் பி1, இல்லாமல் வேலை செய்யாது. அதற்கு அடுத்த படிகளுக்கு ரைபோஃபிளேவின், நியாசின், இரும்பு எல்லாம் வேண்டும். இவற்றில் எதையும் உன் கஞ்சி போதிய அளவு தராது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பெரிபெரி வந்ததும், புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பியதும் இந்தத் தயமினால்தான். ஆயாவின் புழுங்கலரிசிப் பிடிவாதத்தை நீ எவ்வளவு கேலி செய்திருக்கிறாய்! உயிரியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண்ணுக்கு இதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த அசிட்டைல் கோ-ஏ-யை மைட்டோகாண்ட்ரியாவில் படிப்படியாக உடைக்கும் சுழற்சியை 1937-இல் ஷெஃபீல்டில் இருந்த ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்து எழுதியபோது, 'நேச்சர்' இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் வேறோர் இதழில் வெளியிட்டார். 1953-இல் நோபல் பரிசும் பெற்றார். வேண்டாம் என்று ஓர் இடத்தில் சொன்னதால் அவருடைய வேலைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. எதையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. புடவையையும் மோதிரத்தையும் பெரியப்பா நேரில் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது அத்தோடு முடிந்தது.

அந்தச் சுழற்சியில் கழன்றுவரும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது, சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்கள் குவிகின்றன. மேட்டூரில் தேங்கிய நீர் இறங்கும்போது சுழலியைச் சுற்றுவதுபோல, அவை திரும்பி இறங்கும்போது ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதத்தின் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. கிடைக்கின்றன. இப்படியாக ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ முப்பது வரை தேறும். கடைசியில் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன். அந்தக் கடைசிப் படி அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரியப்பா காட்டில் பார்த்தோமே. குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்த வெள்ளாடு, வயிறு நிறையத் தீனியோடு, மூச்சிரைக்க இரைக்க விழுந்தது. அதன் வாயின் உட்புறம் செக்கச்செவேலென்று இருந்தது. தழையிலிருந்து கிளம்பிய சயனைடு கடைசி நொதியின் இரும்பைப் பற்றிக்கொண்டதால், இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. வயிற்றில் இருப்பதும் உடம்புக்கு உதவுவதும் ஒன்றல்ல என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ ஆட்டுக்காக அழுதுகொண்டிருந்தாய். காதில் விழுந்ததோ இல்லையோ.

காலையிலும் தேநீரோடு ஓடிவிடுகிறாய் என்று தம்பி சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன். ஏ.டி.பி.யைச் சேர்த்துவைக்க முடியாது, கண்ணு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1929-இல் தசையிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள்தான் அது. உடம்பில் ஒரு நேரத்தில் இருப்பது மிகச் சொற்பம். அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து, ஒரு நாளில் ஏறத்தாழ நம் எடையளவுக்குச் செலவழிக்கிறோம். கல்லீரல் வைத்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது குளுக்கோஸின் சேமிப்பு, சுமார் 100 கிராம். மூளை மட்டுமே ஒரு நாளைக்குக் கேட்பது சுமார் 120 கிராம் குளுக்கோஸ். கொழுப்பிலிருந்து அதை அதிகம் செய்துகொள்ளவும் முடியாது. ஆகவே உணவு வராவிட்டால் உடம்பு தசைப் புரதத்தை உடைத்து, அதிலிருந்து குளுக்கோஸ் செய்யத் தொடங்குகிறது. உன் தோள்பட்டை எலும்பு திரையில் தெரிந்தது. நீ துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டதும் தெரிந்தது. எத்தனை கிலோ குறைந்தாய் என்று நான் கேட்கவில்லை. காலையில் சாப்பிடு என்று மட்டும்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமைப் பேருந்தில் பார்சல் போடுகிறேன்: புழுங்கலரிசி, நிலக்கடலை, பாசிப்பயறு, ஆயா இடித்த பருப்புப்பொடி. வேண்டாமென்று சொல்லாதே, கட்டி வைத்தாகிவிட்டது. அரிசியை நுரை போகும்வரை தேய்த்துக் கழுவாதே. தயமின் நீரில் கரைந்துவிடும். சோற்றை வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துவிடு. குக்கரில் வைத்தால் வடிக்கும் வேலையே இல்லை. பயறையும் அதிலேயே ஒரு கிண்ணத்தில் வைத்துவிடலாம். என்ன சாப்பிட்டாய் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அம்மாவிடம் சொன்னால் போதும்.

அப்பா