மரத்தில் ஆணி அடிக்க விடாதீர்கள்: கடலூர் மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் திறந்த மடல்

எங்கள் ஊர்ச் சாலை மரங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், அந்த மரங்களில் விளம்பரப் பலகை அடிக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

மழைக்கு முன்னால் கிளை கழிக்க வேண்டிய மரங்களின் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. வேலை கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் மரங்களை அண்ணாந்து பார்த்தீர்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மஞ்சக்குப்பம், செம்மண்டலம், நெல்லிக்குப்பம் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் தகரப் பலகை. டியூஷன், மூல நோய் வைத்தியம், வீட்டுமனை விற்பனை, வேலைக்கு ஆள் தேவை. கைக்கு எட்டும் உயரத்தில் அடித்தால் யாராவது கழற்றிவிடுவார்கள் என்று ஏணி போட்டு ஏறி, முதல் கவைக்குப் பக்கத்திலேயே மூன்று அங்குல ஆணியை இறக்குகிறார்கள். நாங்கள் செயின் ரம்ப மிஷினை வைத்து அறுக்கிற இடமும் அதுதான்.

பலகையாவது கண்ணுக்குத் தெரியும். காற்றில் பலகை பிய்ந்து போன பிறகு தங்கிவிடுகிற ஆணிதான் எங்களைப் படுத்துகிறது. மரம் பருக்கப் பருக்கப் பட்டை அதை மூடிவிடும். மரம் எவ்வளவு உயர்ந்தாலும் ஆணி மேலே ஏறாது, அடித்த உயரத்திலேயே இருந்துகொண்டு உள்ளே உள்ளே போகும். தூங்குமூஞ்சி மாதிரி வேகமாகப் பருக்கிற மரம் சீக்கிரமே விழுங்கிவிடும். இருப்பது கீழே நிற்கிறவருக்கும் தெரியாது, மேலே ஏறினவனுக்கும் தெரியாது.

மிஷின் முழு வேகத்தில் ஓடும்போது செயின் வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது. அது இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். செயின் பல்லின் மேல் குரோம் பூச்சு இருக்கும், கூர் நிற்பதே அதனால்தான். ஆணியில் பட்டால் அந்தப் பூச்சு பெயர்ந்துவிடும். அப்புறம் சும்மா அரம் போட்டுத் தீட்டினால் போதாது, பெயர்ந்த இடம் தேய்ந்து போகும்வரை ராவ வேண்டும், ஒரு பல்லை ராவினால் மற்ற எல்லாப் பல்லையும் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்குள் பாதி நாள் போய்விடும். பல நேரம் புது செயின்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசு எங்கள் கூலியிலிருந்துதான் போகிறது, ஒப்பந்தக்காரர் தர மாட்டார்.

செயின் போனால் போகட்டும், ஆள் போனால்? போன வாரம் பள்ளிக்கூடத்து மதில் ஓரத்தில் ஒரு மரம் கழித்தோம். மேலே இருந்தவன் என் சித்தப்பா மகன். சாலைப் பக்கம் சாய்ந்த கொப்பை வடம் கட்டி இறக்குவதற்காக முதலில் அடி வெட்டுப் போட்டுவிட்டு, மேல் வெட்டுக்கு மிஷினை வைத்தான். உள்ளே புதைந்திருந்த ஆணியில், செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடான பாரின் நுனி இடித்தது. மிஷின் அப்படியே அவன் முகத்தை நோக்கி எகிறியது. செயினைச் சட்டென்று நிறுத்துகிற பிரேக் விழுந்ததால் உயிர் பிழைத்தான், ஆனால் தோளில் வெட்டு விழுந்து தையல் போட்டிருக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. அங்கே நின்ற மேற்பார்வையாளர் "பார்த்து வெட்டக் கூடாதா?" என்று கேட்டார். மரத்துக்குள் இருப்பதை எப்படி ஐயா பார்ப்பது? இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் நீலக் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும், அதைக் கண்டால் நிறுத்திவிடுவோம். ஆனால் அந்தக் கறை கண்ணில் பட வேண்டுமென்றால் முதலில் அறுத்தாக வேண்டுமே.

தகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பில் கட்டிய கயிறு தகர விளிம்பில் உரசினால் புரி புரியாக அறுந்துகொண்டு வரும். பலகை கட்டிய கட்டுக்கம்பி மரத்தை இறுக்கி, அந்த இடம் உளுத்துப்போய், கால் வைத்ததும் கிளை முறிந்த அனுபவம் எங்கள் ஆட்கள் பலருக்கு உண்டு. இதெல்லாம் மரத்தின் குற்றம் இல்லை.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரை கடந்தபோதும், 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் வந்தபோதும் சாலையில் விழுந்த மரத்தை அறுத்து வழி விட்டவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். அந்த மாதிரி ராத்திரிகளில் எங்கள் நம்பர் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. மற்ற நாளில் தலைக்கவசம் கேட்டால் பதில் இல்லை, கையுறை கேட்டால் பதில் இல்லை, காப்பீடு என்ற பேச்சே கிடையாது. கால்வாய் தோண்டும்போது வேரை வெட்டுகிறார்கள், அடிமரத்தைச் சுற்றிக் கழுத்து வரைக்கும் சிமென்ட் போட்டு மூடுகிறார்கள், பிறகு மரம் சாய்ந்தால் மரம் ஆபத்து என்று அடியோடு வெட்டச் சொல்கிறார்கள். இதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. கோபத்தில் பேச்சு நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பணிவாகக் கேட்பது இதுதான்: மரத்தில் ஆணி அடிக்க விடாதீர்கள். அடித்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை, பலகையிலேயே போன் நம்பர் இருக்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே நம் மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டு அபராதம் போடுங்கள், பலகையை அவர்கள் செலவிலேயே கழற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஆணிகளை, எங்களை மரத்தில் ஏற்றுவதற்கு முன்னால் பிடுங்கிவிடுங்கள். ஆழமாகப் போய்விட்டதைத் தோண்டி எடுக்க வேண்டாம், மரம் இன்னும் புண்படும். அந்த இடத்தில் பெயின்டால் ஒரு வட்டம் போட்டால் போதும், நாங்கள் ஒரு முழம் தள்ளி வெட்டிக்கொள்வோம்.

பலகை அடிக்கிற அண்ணன்மார்களே, உங்கள் பிழைப்பைக் கெடுக்க வரவில்லை. சுவர் இருக்கிறது, கேட்டால் இடம் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. மரத்தை விட்டுவிடுங்கள்.

மழை பிடிப்பதற்குள் இது நடக்க வேண்டும் ஐயா. பட்டியலில் உள்ள மரங்களில் எதெதில் ஆணி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தவரை சொல்கிறோம். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு ஆளையும் ஒரு பெயின்ட் டப்பாவையும் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்களே கூட வந்து காட்டுகிறோம். அதற்குக் கூலி வேண்டாம்.