மலைக் கல்வெட்டுகளுக்கு மேலூரில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொந்தகையில் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டப்பட்ட கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்ட பிறகு, மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்ததோடு ஊர் திரும்பிவிடுவதில்லை. பானை ஓடுகளில் கீறப்பட்ட, தமிழ்-பிராமி என்றும் அழைக்கப்படும் பழந்தமிழ் எழுத்தான தமிழி எழுத்துகளைக் கீழடியில் கண்டவர்களுள் சிலருக்கு, அதே எழுத்தைக் கல்லிலும் காண வேண்டும் என்ற ஆவல் பிறக்கிறது. அவர்கள் திருச்சி நெடுஞ்சாலை வழியாக மேலூருக்கு வந்து, பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் வழி கேட்கிறார்கள். மாங்குளத்துக்கு எந்தப் பேருந்து, எழுத்து எந்தக் குகையில் இருக்கிறது, வயதானவர்கள் ஏற முடியுமா என்று அவர்கள் கேட்கும் நியாயமான கேள்விகளுக்கு அறிந்து விடை சொல்லும் இடம் ஒன்று எங்கள் ஊரில் இல்லை. அந்தக் குறையைப் போக்க மேலூர் நகருக்குள் ஒரு சிறிய அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

தமிழிக் கல்வெட்டுகள் மிக நெருக்கமாகக் காணப்படுவது மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான். அவற்றுள்ளும் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், கிடாரிப்பட்டிக்கு அருகிலுள்ள அழகர்மலை ஆகிய இடங்கள் மேலூரை மையமாகக் கொண்டு சென்று வரத்தக்க தொலைவில் உள்ளன. மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இத்தகைய குகை எழுத்துகள் தமிழ் மொழியில் அமைந்தவை என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்தபோது, சங்க இலக்கியத்தில் மட்டுமே அறியப்பட்டிருந்த பாண்டியர் பெயரொன்றுக்குக் கல்லில் சான்று கிடைத்தது. நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி என்பவன், கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்குப் பள்ளி, அதாவது துறவியர் தங்கும் உறைவிடம், அமைத்துக் கொடுத்தான் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அதே மலையில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர் அளித்த கொடையும் பதிவாகியிருக்கிறது. அந்த வெள்ளறையை இன்றைய வெள்ளரிப்பட்டியாக அறிஞர்கள் கருதுகின்றனர். அப்படியானால், நெடுஞ்சாலையில் நாம் தினமும் பேருந்தில் கடந்து செல்லும் ஓர் ஊரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் சங்கமாகக் கூடி வாழ்ந்திருக்கிறார்கள். இதை மேலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவார்கள்?

அழகர்மலைக் கல்வெட்டுகளை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். மன்னர்களையும் போர்களையும் பற்றியே வரலாறு படித்துப் பழகிய மாணவர்களுக்கு முதலில் காட்டத்தக்கவை அவைதான் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கொடையளித்தவர்கள் உப்பு வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், கலப்பைக் கொழு விற்ற கொழு வணிகன், வெல்லப்பாகு விற்ற பணித வணிகன், மதுரைப் பொற்கொல்லன் ஆகியோர். மதுரையின் பெயர் அந்தப் பாறையில் மத்திரை என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தம் கைத்தொழிலால் பிழைத்த மனிதர்கள், மழைக்காலத்தில் குகையில் தங்கிய சமணத் துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்துவிட்டுத் தங்கள் தொழிலையும் சேர்த்து எழுதிவைத்தார்கள். கீழவளவில் கொடை கொடுத்தவன் தொண்டியைச் சேர்ந்தவன். அரிட்டாபட்டியில் கொடை கொடுத்தவர்களுள் ஒருவன் நெல்வேலியைச் சேர்ந்தவன், மற்றொருவன் இலஞ்சியைச் சேர்ந்தவன். கடற்கரையிலிருந்தும் தென்கோடியிலிருந்தும் ஆட்கள் வந்துபோன வழியில் இந்தக் குன்றுகள் இருந்தன என்பதை ஒரே ஒரு வரைபடத்தில் காட்டிவிடலாம். அப்படியொரு வரைபடத்தைப் பார்க்கத்தான் இங்கே ஓர் இடமில்லை.

மலைக்குச் சென்று பார்த்தால் நிலைமை தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றும் சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்றும் எச்சரிக்கும் நீலப் பலகையை எளிதில் காண முடிகிறது. ஆனால் கல்வெட்டின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து இன்றைய வடிவில் எழுதிப் பொருள் கூறும் பலகையைப் பார்வையாளர் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி வெட்டப்பட்ட காடிக்குக் கீழே, மங்கிய வெளிச்சத்தில், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் எழுத்துகள் இருக்கின்றன. கீழவளவில் சில எழுத்துகள் தலைகீழாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் வருகிறவர், பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊர்மக்கள் அழைக்கும் கற்படுக்கைகளில் சற்று உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். வேறு சிலர் அதே பாறையில் தம் பெயரைக் கீறிவைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மீது எனக்குள்ள வருத்தம் பெரிது. ஆயினும் அருகிலிருக்கும் மெல்லிய கோடுகள் எத்தகையவை என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில் தண்டனைப் பலகை மட்டும் நின்று பயனில்லை.

அருங்காட்சியகத்தை மலையடிவாரத்திலேயே கட்டலாமே என்று சிலர் கேட்கலாம். அது கூடாது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தொலைவுக்குப் புதிய கட்டுமானம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்அனுமதி பெற்றாக வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 எக்டேர் நிலப்பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகளும் 72 ஏரிகளும் இருநூறு இயற்கைச் சுனைகளும் கொண்ட அந்தப் பகுதியில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும் தேவாங்கு, எறும்புத்தின்னி போன்ற விலங்குகளும் வாழ்கின்றன. அங்கே கட்டடமும் வாகன நிறுத்தமும் சிற்றுண்டிக் கடைகளும் வந்துவிட்டால், எதைக் காட்டுவதற்காக ஆட்களை அழைத்தோமோ அதுவே அழிந்துபோகும். ஆகவே கட்டடம் நகரில்தான் இருக்க வேண்டும்.

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டாலே கிராம மக்கள் தயங்குவதும் இதனால்தான். சுனைக்கரையில் மதுப்புட்டிகளும் நெகிழிப் பைகளும் குவியுமே என்று அவர்கள் அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் கல்வெட்டுகளின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் மைப்படிகளும், அச்சில் வார்த்தெடுக்கும் அச்சுப்படிகளும் மேலூரிலேயே கண்மட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் வைக்கப்பட்டால், வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையேறாமலேயே நிறைவாகப் பார்த்துச் செல்ல முடியும். மூட்டு வலியுள்ள முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் நெடுஞ்செழியனின் பெயரைத் தொட்டுத் தடவிப் பார்க்கலாம். மலைக்கே சென்று காண விரும்புகிறவர்களை அங்கிருந்து சிறு குழுக்களாக, அந்தந்த ஊரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் மட்டும் அனுப்பலாம். வழிகாட்டிக்கான கட்டணம் அந்த ஊர் இளைஞர்களுக்கே போய்ச் சேர வேண்டும். எத்தனை பேர் வரலாம், எந்த நாளில் வரக்கூடாது என்பதை அந்தந்தக் கிராம சபை முடிவு செய்யட்டும்.

இந்த மலைகளின் மீது மேலூர் மக்களுக்குள்ள உரிமையுணர்வைப் பற்றி ஐயப்பட இப்போது யாருக்கும் இடமில்லை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2,015 எக்டேருக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வந்தபோது, அரிட்டாபட்டியும் அதற்குள் அடங்கியிருந்ததால் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்தும் திரண்டு எழுந்தன. டிசம்பரில் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். அம்மாதம் 23-ஆம் நாள் ஏலம் ரத்து செய்யப்பட்டது. கிரானைட் குவாரிகளுக்குப் பல குன்றுகளைப் பறிகொடுத்த பகுதி இது என்பதால், எஞ்சியவற்றைக் காப்பதில் இம்மக்கள் காட்டிய உறுதியை நான் மிகுந்த மதிப்போடு நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் போராட்டத்தின் நிழற்படங்களும் துண்டறிக்கைகளும் கிராம சபைத் தீர்மானங்களும் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியாக இடம்பெற வேண்டும். அவை இப்போது வீடுகளிலும் கைப்பேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. உடனே தொகுக்காவிட்டால் சில ஆண்டுகளில் கிடைக்காமல் போய்விடும்.

காட்சிக்கு வைக்கப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அரிட்டாபட்டி குடைவரைச் சிவன் கோயிலிலுள்ள, பாசுபத சைவத்தின் ஆசானாகப் போற்றப்படும் இலகுலீசர் சிற்பத்தையும், கருங்காலக்குடியில் அச்சணந்தி என்னும் சமணத் துறவி செய்வித்த திருமேனியையும் பெரிய நிழற்படங்களாக வைக்கலாம். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூருக்கு வரும் அடியார்கள் அவ்வூரிலும் தமிழிக் கல்வெட்டுகள் இருப்பதை அறிந்து செல்லலாம். மூலப் பொருள்கள் எவற்றையும் அவை இருக்கும் இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரக் கூடாது. மைப்படிகள், அச்சுப்படிகள், நிழற்படங்கள், நல்ல தமிழில் எழுதிய விளக்கங்கள், மலைகளின் உருமாதிரி ஒன்று, இவையே போதும். கீழடிக்கு ஆன செலவில் மிகச் சிறிய பங்கு இதற்குப் போதுமானது. பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டுக் கொடுத்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.

போக்குவரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலூரிலிருந்து மலையடிவார ஊர்களுக்குச் செல்லும் நகரப் பேருந்துகளின் நேரத்தை அருங்காட்சியகத்திலும் பேருந்து நிலையத்திலும் எழுதி வைத்தால், சொந்த வாகனம் இல்லாத மாணவர்களும் வந்து போக முடியும்.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையும் அருங்காட்சியகத் துறையும் மேலூர் நகராட்சியுடன் கலந்து பேசி, முதலில் இடத்தைத் தேர்ந்து அறிவிக்க வேண்டுகிறேன். கட்டடம் அமையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நூலகத்தில் ஒரு கூடத்தை ஒதுக்கி, சனி, ஞாயிறு நாள்களில் ஆறு மலைகளின் மைப்படிகளை மட்டுமேனும் காட்சிக்கு வைக்கலாம். விளக்கம் சொல்ல, கல்வெட்டுப் பயிற்சி பெற்ற தமிழாசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் இவ்வட்டாரத்தில் இருக்கிறார்கள். அழைத்தால் ஊதியம் கேளாமல் வருவார்கள். வரும் கோடை விடுமுறைக்கு முன் அதைத் தொடங்கிவிட்டால், விடுமுறையில் கீழடிக்கு வரும் குடும்பங்களை மேலூருக்கும் அழைக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
மேலூர், மதுரை மாவட்டம்.